முதுகுப் பக்கமாக முன்னேறியவர்

"சுட்டாருன்னு சொல்லாதீங்கம்மா. இந்த ரூம்ல அந்த வார்த்தைய யாரும் பயன்படுத்துறதில்ல."

"பின்ன எப்படிச் சொல்றது?"

"துப்பாக்கி இயங்கிச்சுன்னு சொல்லுங்க."

"அதுவாவா இயங்கிச்சு?"

"அதத்தான் நாலு மாசமா விசாரிச்சிட்டிருக்கோம்."

சொன்னவர் காவல் துறையின் உள்நேர்மைப் பிரிவு அதிகாரி. காவலர்கள் மேல் வரும் புகார்களைக் காவலர்களே உட்கார்ந்து விசாரிக்கும் பிரிவு அது. கேட்டவள் தையல்கடை வைத்திருப்பவள். அவளைவிட மூத்தவர்கள் உட்படத் தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். ஆனால் பிறந்த உரிமையில் அப்படிக் கூப்பிட்டவன் ஒருவன்தான். அவன் குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து, ரசமட்டத்தைத் துணியில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான். ரசமட்டம் என்பது தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற அலுமினியக் கட்டை. நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் தரை சரி. அன்றைக்கு அந்தத் தெருவில் ஏதோ திருட்டு. தேடி வந்த காவலர் ஒருவர் 'நில்' என்றாராம். பிறகு துப்பாக்கி இயங்கியது. தம்பி பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை.

'நீண்ட உலோக ஆயுதத்துடன் காவலரை நேருக்கு நேர் நோக்கி முன்னேறினார்' என்று துறையின் அறிக்கை சொன்னது. மருத்துவ அறிக்கை 'உடற்பகுதியில் காயம்' என்பதோடு நிறுத்திக்கொண்டது. உடம்பின் எந்தப் பக்கம் என்று எழுதிக் கேட்டதற்கு, பக்கம் என்பது பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்று மருத்துவர் பதில் அனுப்பினார். அதற்குள் தம்பி மண்ணுக்குப் போயிருந்தான்.

ஆனால் அக்கா ஆஸ்பத்திரியில் அவன் போட்டிருந்த சட்டையைப் பார்த்திருந்தாள். அவளே வெட்டி, அவளே தைத்த சட்டை. துளை முதுகில் இருந்தது. முன்பக்கம் ஒரு நூல் பிரியவில்லை.

"டீ குடிங்கம்மா," என்றார் நேர்மை அதிகாரி. "அந்த நாற்காலி ஆடும். இதுல உக்காருங்க."

அக்கா உஷாரானாள். கடைக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாக 'உங்க கை மாதிரி வராதுங்க' என்று ஆரம்பிக்கிற வாடிக்கையாளர், தன் இடுப்பு பெருத்ததை இவள் தையல் மேல் சாத்தப்போகிறார் என்பது இருபது வருட அனுபவம். நல்ல நாற்காலி கொடுத்தால் பயப்பட வேண்டும். அவள் ஆடுகிற நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"எங்க மேல சந்தேகப்படறீங்க. தப்பில்ல. எங்க மேல எங்களுக்கே சந்தேகம் உண்டு," என்று அதிகாரி மனம் திறந்தார். "அதனாலதான் இந்தப் பிரிவே. போன வருஷம் மட்டும் நாப்பத்தியொரு தடவை எங்கள நாங்களே விசாரிச்சோம். ஈவு இரக்கமே காட்டல. நாப்பத்தியொரு தடவையும் நாங்க குற்றமே செய்யலன்னு தெரிஞ்சப்போ எவ்வளவு ஏமாற்றமா இருந்துச்சுன்னு உங்களுக்குச் சொன்னாப் புரியாது. ராத்திரி தூக்கம் வராது. எங்கேயோ கோட்டை விட்டுட்டோமோன்னு."

"எங்கன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"அதுக்கு வேற பிரிவு இருக்கு."

டீ ஆறும்வரை அக்கா அதைத் தொடவில்லை. ஆறிய பிறகும் தொடவில்லை.

*

அவளுக்கு வாய்த்த வக்கீல் இலவச சட்ட உதவியிலிருந்து வந்த இளைஞன். பேசுவதற்கு முன் ஜன்னலைச் சாத்துவான். சாத்திய பிறகு, வெளியே யாராவது சாத்தச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்களோ என்று மறுபடி திறந்து பார்ப்பான்.

"முகாந்திரம் வேணும்க்கா," என்றான். "முதுகுலதான் பட்டுச்சுன்னு காட்ட ஏதாவது ஒண்ணு. அது இருந்தா அந்தக் காவலர் மேல வழக்கு எடுக்கச் சொல்லி நீதிபதி உத்தரவு போடுவாங்க. இல்லன்னா கோப்ப மூடிடுவாங்க. நம்ம கையில இருக்கிறது அந்தச் சட்டை ஒண்ணுதான்."

"நம்ம கையில எங்க இருக்கு? அவங்க கையில இருக்கு."

"அதான் எனக்கும் உறுத்துது. பார்க்கணும்னு மனு போட்டேன். ஒரே நாள்ல அனுமதி குடுத்துட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஏன் குடுத்தாங்கன்னு புரியலக்கா."

*

சான்றுப் பொருள் கிடங்கு தலைமையகத்தின் அடித்தளத்தில் இருந்தது. வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பித்தளை வில்லையைக் கொடுத்தார்கள். உள்ளே போனால் கிடங்கு மாதிரியே இல்லை. நகைக்கடை மாதிரி இருந்தது. தரையில் முகம் தெரிந்தது. அலமாரிகளில் பொருள்கள் சீட்டுக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. சுவரில் 'சிறந்த கிடங்கு' என்று மூன்று வருடத்து விருதுகள், நாலாவதற்கு ஒரு காலி ஆணி.

காப்பாளருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். துறையில் அவருக்குப் பாலிஷ் என்று பெயர். அது தனக்குத் தெரியும் என்பதை அவர் மறைக்கவும் இல்லை.

"கையைத் துடைச்சுக்கோங்க," என்று ஒரு துணியை நீட்டினார். பிறகு, மாப்பிள்ளை வீட்டாருக்குத் துணி காட்டுகிற கடைக்காரர் போல, இரண்டு கையாலும் சட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தார்.

இளநீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டிருந்தது. அக்கா முதுகைத் திருப்பினாள். துளை இல்லை.

ஒரு நிமிஷம் தான் பைத்தியமாகிவிட்டதாக நினைத்தாள். வேறு சட்டையோ என்று காலரின் உள்பக்கம் பார்த்தாள். அவளுடைய தையல்தான். கோடு கோட்டோடு சேர வேண்டும் என்று இரண்டு முறை பிரித்துத் தைத்த அதே தோள்பட்டை.

"இங்க ஒரு ஓட்டை இருந்துச்சே."

"இருந்திருக்கலாம்," என்றார் பாலிஷ் பெருந்தன்மையாக. "விதி பதினாலு. கிடங்குப் பொறுப்புல இருக்கிற பொருள் எதுவும் பழுதான நிலையில இருக்கக் கூடாது. நாற்காலி, பீரோவுக்குன்னு எழுதின விதின்னு சிலபேர் சொல்லுவாங்க. விதியில அப்படி ஒண்ணும் போடலையே. ஒருத்தர் பொருள நம்மகிட்ட குடுக்கிறாங்க. கிழிசலாத் திருப்பிக் குடுத்தா துறைக்கு மரியாதையா?"

அவர் அவளைக் கிடங்கைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார். திருடர்கள் உடைத்த பூட்டு ஒன்று எண்ணெய் போட்டுச் சரிசெய்யப்பட்டு, வெண்ணெய் மாதிரி திறந்து மூடியது. 'உடையவே இல்லையே' என்று அந்த வழக்கு நிற்கவில்லையாம். லாரி ஏறி நசுங்கிய சைக்கிள் ஒன்று மணியோடு நின்றது. ஒரு கத்தி கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னியது.

"ஒரே கறையா வந்துச்சும்மா. துரு வேற. இப்ப பாருங்க, முகம் பார்த்துத் தலை சீவலாம்."

"கொலை வழக்குக் கத்தியா?"

"ஆமா. வழக்கு தள்ளுபடி ஆயிடுச்சு. கத்தி நல்லாருக்கு."

தம்பியின் ரசமட்டமும் இருந்தது. விழுந்ததில் உடைந்த கண்ணாடிக் குழாயை எடுத்துவிட்டுப் புதிது போட்டிருந்தார். குமிழி அசையாமல் நடுவில் நின்றது. அக்காவுக்கு அழுகை வந்தது. அந்த ஆள் பாராட்டை எதிர்பார்த்து நின்றதைப் பார்த்தபோது, அழுகை வந்த வழியே போய்விட்டது.

அவள் மேஜைக்குத் திரும்பி, சட்டையை உள்பக்கமாகப் புரட்டி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். இருந்தது. இடது பக்கம், குறுக்குத் தையலுக்கு ஏழு விரல் கீழே, பட்டாணி அளவுக்கு ஒரு தடிப்பு. டார்னிங். மடிப்போரத்திலிருந்தே நூலை உருவி, இழை இழையாகக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி, வெள்ளைக் கோடு வெள்ளைக் கோட்டோடு சேருகிற மாதிரி அடைத்திருந்தார்கள். இந்த ஊரில் இப்படிச் செய்யத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தால் அதிகம். அதில் ஒருத்தி அவள்.

"யாரு போட்டது இது?"

"கிடங்கு போட்டது."

"கிடங்குக்குக் கை இருக்கா?"

"துறையில தனி ஆளுன்னு யாரும் எதையும் செய்யறதில்லம்மா," என்றார் பாலிஷ். ஆனால் அப்படிச் சொன்னபோது அவர் காது சிவந்தது.

*

"அண்ணி, அவங்க நம்மளக் கேலி பண்றாங்களா, இல்ல நிஜமாவே அப்படித்தானா?" என்று தம்பியின் மனைவி கேட்டாள். கடையின் பின்னறையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நாலு மாதமாக அவள் வேலை அதுதான்.

"அது தெரிஞ்சா பாதி வழக்கு முடிஞ்சிடும்."

"அந்தாளு வேணும்னே தைச்சிருந்தா?"

"வேணும்னே தைக்கிறவன் இவ்வளவு அழகாத் தைக்க மாட்டான். கிழிஞ்சா கிழியட்டும்னு ரெண்டு குத்துக் குத்துவான்."

"அப்ப நல்லவரா?"

"அதுவும் சொல்லலயே நான்."

தம்பி மனைவி பல்லால் நூலைக் கடித்தாள். "போதும் அண்ணி. விட்டுடலாம். அனுதாபக் கடிதம் குடுக்கறேன்னு சொன்னாங்கல்ல, வாங்கிட்டு வந்துடலாம். தினமும் அங்க போய் அவங்க சொல்ற பாஷையில அவரப் பத்திப் பேசறீங்க. வீட்டுக்கு வந்தும் அதே பாஷைதான் வருது. நேத்து நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? 'துப்பாக்கி இயங்கின அன்னைக்கு'ன்னு சொன்னீங்க."

அக்கா கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். அப்படிச் சொன்னது அவளுக்கு நினைவே இல்லை.

"அவனச் சுட்டாங்க," என்றாள் சத்தமாக, சுவரைப் பார்த்து. "சுட்டாங்க. பின்னாலேருந்து சுட்டாங்க." பிறகு மெஷினில் உட்கார்ந்து யாருடைய கால்சட்டையையோ வேகமாக அடிக்க ஆரம்பித்தாள்.

*

முதுகில் டார்னிங் இருந்தால் முதுகில் துளை இருந்ததாகத்தானே அர்த்தம் என்று வக்கீல் எழுத்துமூலம் கேட்டான். நேர்மை அதிகாரி இருவரையும் வரவழைத்தார்.

"டார்னிங் இருக்கிறதால டார்னிங் இருக்குன்னுதான் தெரியுது," என்றார். "ஓட்டை இருந்துச்சுன்னு எப்படி? முன்னெச்சரிக்கையாப் போட்டிருக்கலாம்."

"வராத ஓட்டைக்கா?"

"வருமுன் காக்கிறதுதான்மா எங்க துறையே." பிறகு பெருமூச்சு விட்டார். "ஆனா நாங்க திறந்த மனசோட இருக்கோம். முதுகுன்னே வச்சுக்குவோம். முதுகுல பட்டதுன்னு சொன்னா எங்க அறிக்கை பொய்யாயிடுமா? ஆகாது. அறிக்கையில என்ன இருக்கு? காவலரை நோக்கி முன்னேறினார். முகத்தைக் காட்டிட்டுத்தான் முன்னேறணும்னு எங்கேயும் இல்லையே."

வக்கீல் அறிக்கையைப் புரட்டி அந்த வரியைத் தேடினான்.

"நேருக்கு நேர்ங்கிறது?" என்று அக்கா கேட்டாள்.

"காவலர் நேரா இருந்தாரு. இவரும் நேராத்தான் இருந்தாரு, திரும்பி. அவ்வளவுதான் வித்தியாசம். யோசிச்சுப் பாருங்க, முகம் தெரியாம ஒருத்தர் முதுகோட நம்மள நோக்கி வந்தா எவ்வளவு பயமா இருக்கும்! என்ன நினைக்கிறாருன்னே கண்டுபிடிக்க முடியாது. அந்தக் காவலரோட தைரியத்த நினைச்சா எனக்கே சிலிர்க்குது."

ஒரு வாரத்தில் திருத்தப்பட்ட அறிக்கை வந்தது: 'முதுகுப் பக்கமாக முன்னேறினார்.' அது சாத்தியம்தான் என்று நிரூபிக்க, சம்பவ இடத்திலேயே நடித்துக் காட்டுவது என்று முடிவாயிற்று. தம்பியாக நடிக்க அக்காவைக் கூப்பிட்டார்கள். உயரம் ஒத்துப்போகிறது, ரத்த சம்பந்தம் இருப்பதால் நடையும் ஒத்துவரும் என்று கடிதத்தில் காரணம் போட்டிருந்தது.

"போகாதீங்க அண்ணி," என்றாள் தம்பி மனைவி.

"போகலன்னா வேற எவனையாவது வச்சு அவன நடக்க விடுவாங்க. நான் போறேன்."

காலை பத்து மணி. தெருவை இரண்டு பக்கமும் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். சாக்கட்டியால் ஒரு வட்டம்: காவலர் நின்ற இடம். இருபது அடி தள்ளி இன்னொரு வட்டம். பாலிஷ் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ரசமட்டத்தைக் கொண்டுவந்து அக்கா கையில் ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"கீழ போட்டுறாதீங்கம்மா. புதுக் குழாய்."

சுட்ட காவலர் மரத்துப்பாக்கியோடு தன் வட்டத்தில் நின்றார். அக்கா நினைத்து வைத்திருந்த ஆள் இல்லை அவர். மெலிந்து, காலர் கழுத்தில் தொளதொளவென்று நின்ற ஓர் இளைஞர். அரை அங்குலம் பிடிக்க வேண்டும் என்று அவளுடைய கண் தானாக அளந்தது. அப்படி அளந்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

"ஆரம்பிக்கலாம்," என்றார் நேர்மை அதிகாரி. "அம்மா, நீங்க திரும்பி நின்னு பின்னாலேயே நடந்து வரணும். ஆவேசமா."

முதல் முறை அவள் நேராக வரவில்லை. இடதுபுறம் சாய்ந்து சாக்கடைப் பக்கம் போய்விட்டாள். ஆவேசமும் போதவில்லை. எப்படி என்று காட்டுவதற்காக ஒரு பயிற்சிக் காவலர் பின்னோக்கி ஓடி வந்து அதே சாக்கடையில் விழுந்தார். அது கணக்கில் சேராது என்று எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாவது முறை நடக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த இடத்தில், இப்படித் திரும்பி நின்றால், தெரிவது எதிர்முனை. பஸ் நிறுத்தம். அதில் பை வைத்துக்கொண்டு காத்திருக்கிற இரண்டு பேர். பக்கத்தில் பாதி ஷட்டர் இறக்கிய மருந்துக் கடை. தம்பி கடைசியாகப் பார்த்தது இதைத்தான். தன்னைச் சுட்டவனின் முகம் அவனுக்குத் தெரியவே தெரியாது. பஸ் வந்துவிடுமோ என்றுதான் அவன் கவலைப்பட்டிருப்பான்.

அவள் நின்றுவிட்டாள்.

"ஏன் நின்னுட்டீங்க? அவரு நிக்கலையே!" என்று அதிகாரி கத்தினார்.

"சார்," என்று சுட்ட காவலர் மெதுவாகச் சொன்னார். "நான் முதுகைத்தான் சார் பார்த்தேன். அவரு அந்தப் பக்கமாப் போயிட்டிருந்தாரு."

வக்கீல் பேனாவைத் தேடினான்.

"கேட்டுக்கோங்க!" என்று அதிகாரி எல்லாரையும் பார்த்துக் கையை விரித்தார். "முதுகைப் பார்த்தேன்னு அவரே சொல்றாரு. அதையேதான் நாங்களும் சொல்றோம். முதுகோட வந்தாரு. எழுதிக்கோங்க: காவலரின் வாக்குமூலம் அறிக்கையோடு முழுமையாக ஒத்துப்போகிறது."

"போயிட்டிருந்தாருன்னு சொன்னாரே?" என்று அக்கா கேட்டாள்.

"முதுகோட வர்றதும் போறதும் பார்க்க ஒரே மாதிரிதான்மா இருக்கும். அதுதான் அதுல இருக்கிற ஆபத்தே."

காவலர் மரத்துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்புற ஆபத்தை உணர்ந்து செயல்பட்டதற்காக அவருக்குப் பதக்கம் சிபாரிசாகியிருப்பதாக அங்கேயே அறிவித்தார்கள். எல்லாருக்கும் டீ கொடுத்தார்கள். அக்காவுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 'இறந்தவராகச் சிறப்புறப் பங்காற்றியமைக்கு.'

*

நீதிமன்றத் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது பாலிஷிடமிருந்து போன் வந்தது. கிடங்குக்கு ஒருமுறை வந்துபோக முடியுமா என்று கேட்டார். வழக்கு விஷயமில்லை என்றும் சொன்னார்.

"போகாதீங்க," என்றான் வக்கீல். பிறகு, "போங்க," என்றான். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு, "போனாலும் எதையும் தொடாதீங்க," என்றான்.

கிடங்கில் பாலிஷ் தவித்துக்கொண்டிருந்தார். நாலாவது விருதுக்கு விண்ணப்பம் போக வேண்டும். இந்த வருடம் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள்: செய்த பழுதுபார்ப்பில் ஒன்றைப் பற்றித் தொழில் தெரிந்த வெளியாள் ஒருவர் கருத்து எழுதித் தர வேண்டும்.

"அன்னைக்கு நீங்க புரட்டிட்டுக் கண்ண மூடித் தடவினீங்களே, அப்பவே புரிஞ்சது," என்றார். "இதுவரைக்கும் யாருமே அந்தப் பக்கத்தப் புரட்டிப் பார்த்ததில்லம்மா. நல்லாருக்குன்னு மேலோட்டமாச் சொல்லிட்டுப் போயிடுவாங்க."

"கிடங்குதானே போட்டுச்சு. கிடங்கையே எழுதச் சொல்லுங்க."

பாலிஷ் எழுந்துபோய்க் கதவைப் பார்த்துவிட்டு வந்தார். "நான்தான் போட்டேன். மூணு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்துல. கோடு இருக்கிற துணி. உயிர் போயிடுச்சு."

பிறகு, தன் வேலை எவ்வளவு கடினமானது என்பது அவளுக்குப் புரிய வேண்டுமே என்ற ஆர்வத்தில், ஒரு பெரிய பதிவேட்டைத் தூக்கிவந்து அவள் முன் திறந்தார். பக்கத்துக்கு இரண்டு கட்டம்: பழுதுபார்க்கும் முன், பழுதுபார்த்த பின்.

முன்: 'சட்டை. முதுகு, இடது. குறுக்குத் தையலுக்கு ஏழு விரல் கீழ். பட்டாணி அளவு வட்டத் துளை ஒன்று. ஓரம் உட்புறமாகக் கருகியுள்ளது. முன்பக்கம்: பழுது எதுவும் இல்லை.' பின்: 'முழுதும் சீர்.' கீழே கையெழுத்து. எழுத்து முத்து முத்தாக இருந்தது.

அக்கா மூன்று முறை படித்தாள். இந்தப் பெரிய கட்டடத்தில் இருந்த உண்மை அத்தனையும் இந்த ஒரு கட்டத்துக்குள் இருந்தது.

"முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எதுக்கு எழுதறீங்க?" குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"அது எழுதலன்னா நான் செஞ்ச வேலை எப்படித் தெரியும்?"

அவள் செல்போன் வாசலில் இருந்தது, பித்தளை வில்லையோடு. அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்தாள். பிறகு, அவர் கேட்டபடி, கருத்துப் புத்தகத்தில் எழுதினாள்: 'வேலை மிக நேர்த்தி. பழுது இருந்த தடமே வெளியில் தெரியவில்லை.' பொய் இல்லை. ஏமாற்றுவது யார், ஏமாறுவது யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

*

நீதிமன்றத்தில் அவள் பயந்தது எல்லாம், ஒன்று விடாமல் நடந்தது.

வக்கீல் பதிவேட்டைக் கேட்டு மனுப் போட்டிருந்தான். பதிவேடு வந்தது. புதிய அட்டை, புதிய காகிதம். பக்கத்துக்கு ஒரே கட்டம்: பின். 'முழுதும் சீர்.' அதே முத்து எழுத்து.

"பழசு நைஞ்சு போயிருந்தது," என்று அரசு வக்கீல் விளக்கினார். "விதி பதினாலு. சுத்தப் பிரதி எடுத்துட்டு, பழசுக்கு ஓய்வு குடுத்துட்டாங்க."

பிறகு அவர் கருத்துப் புத்தகத்தைத் திறந்து அக்காவின் வரிகளை உரக்கப் படித்தார். "பழுது இருந்த தடமே இல்லைன்னு மனுதாரரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. அவங்க தொழில் தெரிஞ்சவங்க வேற."

வக்கீல் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் தாங்கிக்கொண்டாள்.

நீதிபதி ஜலதோஷம் பிடித்த ஓர் அம்மா. மூக்கைத் துடைத்துக்கொண்டே பதிவேட்டில் இரண்டு பக்கங்களைப் புரட்டினார். சட்டையையும் புரட்டினார். உள்பக்கத்தில் விரல் வைத்து ஏதோ நெருடியது போல் நின்றார். "தைச்சிருக்கு. எது மேல தைச்சாங்கன்னு எனக்குத் தெரியணும். தைச்சவர் யாரு?"

"கிடங்கு, மேடம்," என்றார் அரசு வக்கீல்.

"கிடங்கக் கூண்டுல ஏத்த முடியாது. இதக் கொண்டுவந்தது யாரு?"

"காப்பாளர். வெளியில இருக்காரு. கொண்டுவர மட்டும்தான் அவருக்கு உத்தரவு. பேச உத்தரவு இல்ல."

"அவர நான் கட்டாயப்படுத்தல. அவராத் தானா வந்து சொன்னா கேட்டுக்கிறேன். பன்னிரண்டு மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்கப்புறம் முகாந்திரம் இல்லன்னு எழுதி முடிச்சிடுவேன்." மணி பதினொன்றே முக்கால்.

வராந்தாவில் பாலிஷ் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நேர்மை அதிகாரி நெருக்கமாக உட்கார்ந்து காதோடு காதாகப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா வருவதைப் பார்த்ததும் எழுந்து, "நீங்க உக்காருங்கம்மா," என்று தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, நாலு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். காது மட்டும் இங்கேயே இருந்தது.

அக்கா உட்காரவில்லை. பாலிஷ் மடியில் ஒரு ரெக்ஸின் பை இருந்தது, தடித்து, சதுரமாக. ஒரு பழைய பதிவேடு அதில் சரியாக அடங்கும். ஒரு சாப்பாட்டு டப்பாவும் அடங்கும். அவர் அதன் ஜிப்பின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார்.

"என்னய மாட்டி விட்டீங்க இல்ல?" என்றாள்.

"நான் எழுதச் சொன்னது விருதுக்கும்மா." அவர் நிமிரவில்லை. "இங்க கொண்டுவருவாங்கன்னு எனக்குத் தெரியாது." அது உண்மையாக இருக்கலாம். அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கலாம். "ஆனா நீங்க எழுதினது மனசோடதானே? நேர்த்தின்னு?"

"மனசோடதான்."

"சுத்தப் பிரதி எடுக்கச் சொன்னாங்க. ஒரு கட்டம் போதும்னாங்க." கட்டைவிரலால் ஜிப்பை ஒரு அங்குலம் திறந்து மறுபடி மூடினார். "மூணு நாள் உக்காந்து செஞ்சேன் அந்த வேலைய. இப்ப அங்க ஒண்ணுமே இருந்ததில்லன்னா, நான் மூணு நாளா என்னத்தச் செஞ்சேன்?"

நேர்மை அதிகாரி தொண்டையைச் செருமினார். உள்ளே கடிகாரத்துக்குக் கீழே நீதிபதி பேனாவின் மூடியைக் கழற்றுவது கதவு இடுக்கு வழியாகத் தெரிந்தது. அக்கா பெஞ்சின் முன்னால் குனிந்தாள். பாலிஷின் கண்கள் அவளுடைய கண்களுக்கு நேராக வரும்வரை குனிந்தாள்.

"என் தம்பி யாரையும் நோக்கிப் போகல. வீட்டுக்குப் போயிட்டிருந்தான். அவன் முதுகுல இருந்ததக் கிட்டத்துல உக்காந்து மூணு நாள் பார்த்தது இந்த உலகத்துல நீங்க ஒருத்தர்தான். பையில என்ன வேணா இருக்கட்டும், எனக்கு அது வேணாம். எந்திரிங்க. என்கூட உள்ள வந்து, நீங்க பார்த்தத உங்க வாயால சொல்லுங்கய்யா."